படித்தது மனதில் தங்க: கேள்வி கார்டுகளும் கைப்பேசியும், புதிதாகத் தொடங்குவோருக்கு

ஒரு பாடத்தை மூன்று முறை வாசித்த கையோடு புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் நிற்பதை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள். பலருக்கு நாலைந்து வரிக்கு மேல் பேனா நகராது. வாசித்தபோது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருந்திருக்கும். கண்ணுக்குப் பழகிவிட்ட வரி தடங்கலில்லாமல் உள்ளே போகிறது; அந்தச் சுலபத்தை வைத்து, மனதில் ஏறிவிட்டது என்று நம்பிவிடுகிறோம். பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, பார்க்காமல் எடுத்துச் சொல்வது வேறு. தேர்விலும் வேலையிலும் நமக்கு வேண்டியது இரண்டாவது.

அதை வளர்க்க என்ன செய்யவேண்டும் என்பது ஆய்வாளர்களுக்கு வெகு நாட்களாகத் தெரியும். தினப்படி செய்வதுதான் சிரமமாக இருந்தது. இப்போது கைப்பேசியில் இருக்கும் ஓர் இலவசச் செயலியே அந்தச் சிரமத்தில் பாதியைச் சுமக்கிறது. மீதிப் பாதியை நாம்தான் சுமக்கவேண்டும். அது எது, எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், மறதியின் கணக்கு

1885-ல் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பொருளே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்தார். இடைவெளி விட்டு அதே பட்டியலை மறுபடி மனப்பாடம் செய்யும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று அளந்தார். 20 நிமிடம் கழித்து 58 சதவீதம் மிச்சம். ஒரு மணி நேரத்தில் அது 44, ஒரு நாளில் 34, ஒரு மாதத்தில் 21. அர்த்தமுள்ள பாடம் இவ்வளவு வேகமாக மறக்காது. ஆனால் வளைவின் வடிவத்தைக் கவனியுங்கள்: முதல் நாளில் செங்குத்தாகச் சரிகிறது, பிறகு மெல்ல இறங்குகிறது. ஆகவே முதல் மீள்பார்வை சீக்கிரம் வரவேண்டும். அடுத்தடுத்தவை தள்ளித் தள்ளி வரலாம்.

அந்த மீள்பார்வையில் என்ன செய்வது என்பதற்கு 2006-ல் ரோடிகரும் கார்ப்பிக்கியும் செய்த சோதனை நல்ல விடை தருகிறது. ஒரு குழு பத்தியை இரண்டு முறை வாசித்தது. இன்னொரு குழு ஒரு முறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் வாசித்த குழுதான் முந்தியது: 81-க்கு 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் நிலைமை தலைகீழ்: வாசித்தவர்களுக்கு 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. நினைவிலிருந்து வெளியே இழுக்கும் முயற்சியே நினைவை உறுதியாக்குகிறது. உளவியலாளர் ராபர்ட் பியோர்க் 1994-ல் இந்த மாதிரிச் சிரமங்களை 'விரும்பத்தக்க சிரமங்கள்' என்றார். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு போவதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: உங்களிடம் கேள்வி கேட்கும் கருவி உதவும். சொல்லிக்கொண்டே போகும் கருவி, கேட்க இனிமையாக இருந்தாலும், அவ்வளவு உதவாது.

இடைவெளிக்கும் கணக்கு இருக்கிறது. செப்பேடாவும் சக ஆய்வாளர்களும் 2008-ல் 1,350-க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்ததில், ஒரு வாரம் கழித்துத் தேர்வென்றால் ஒரு நாள் இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பதும், 35 நாள் கழித்தென்றால் 11 நாள் இடைவெளியும், 70 நாளுக்கு மூன்று வார இடைவெளியும் நல்ல பலன் தந்தன. இதை ஒரு பாடத்துக்குக் கையால் கணக்கு வைத்துவிடலாம். இரண்டாயிரம் விஷயங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வைக்க முடியுமா? அங்கேதான் கணினி தேவைப்படுகிறது.

செயலியை நிறுவி, மூன்று செட்டிங்கை மாற்றுங்கள்

1970-களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர், ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் விடையும் எழுதிய காகித அட்டைகளை ஐந்து அறையுள்ள பெட்டியில் போட்டார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு நகரும், தவறினால் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும், இரண்டாவதை இரண்டு நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை நான்கு நாளுக்கு ஒருமுறை என்று பார்த்தால் போதும். கைப்பேசியே வேண்டாம் என்பவர்கள் இன்றும் இப்படியே செய்யலாம், நன்றாகவே நடக்கும். இதைக் கணினிக்குக் கொண்டுபோனது 1987-ல் வந்த சூப்பர்மெமோ என்ற மென்பொருள். 2006-ல் வந்த ஆன்கி என்ற செயலிதான் இன்று பரவலாகப் பயன்படுவது, இந்த வழிகாட்டியும் அதை வைத்தே போகிறது. கணினிப் பதிப்பும் ஆண்ட்ராய்டுக்கான ஆன்கிடிராய்டும் இலவசம்; ஐபோன் செயலிக்கு மட்டும் ஒருமுறை பணம் கட்டவேண்டும். இதே பெயரை ஒட்டிய வேறு செயலிகளும் கடைகளில் உலவுகின்றன. ஆன்கியின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இணைப்பைப் பிடித்துப் போவது பத்திரம்.

இரண்டு கருவிகளில் வைத்துக்கொண்டால் ஆன்கியின் இணையச் சேவையான ஆன்கிவெப்பில் கணக்கு ஒன்றைத் தொடங்கி ஒத்திசையுங்கள். முதல் தடவை, அப்லோடா டவுன்லோடா என்று கேட்கலாம். அங்கே அவசரப்படாதீர்கள். கார்டுகள் இருக்கும் கருவியில் அப்லோட், காலியாக இருக்கும் கருவியில் டவுன்லோட். மாற்றி அழுத்தினால் காலித் தொகுப்பு வந்து உங்கள் கார்டுகளின் மேல் உட்கார்ந்துவிடும். மாதம் ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்து ஒரு நகலைத் தனியாக வைத்துக்கொண்டால் நிம்மதி.

அடுத்து டெக் ஆப்ஷன்ஸ், அதாவது கார்டுத் தொகுப்பின் செட்டிங்குகள். ஒரு நாளைக்குப் புது கார்டு 20 என்று இருக்கும், அதை 10 ஆக்குங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு 5 போதும். காரணம் எளிய பெருக்கல்: தினமும் எத்தனை புது கார்டு சேர்க்கிறீர்களோ, சில வாரங்களில் அதைப்போல் ஏழு முதல் பத்து மடங்கு மீள்பார்வை தினமும் வந்து நிற்கும். பத்து புதிது என்றால் நூறு கார்டு வரை, அதாவது ஏறக்குறைய கால் மணி நேரம். முதல் வாரம் ஆசையில் ஐம்பது ஐம்பதாகச் சேர்ப்பவர்கள் மூன்றாவது வாரத்தில் செயலியைத் திறக்கவே பயப்படுகிறார்கள். இந்த ஒரு தவறுதான் பெரும்பாலானவர்களை இந்த முறையிலிருந்தே விரட்டுகிறது.

ஒரு நாளின் மீள்பார்வை வரம்பு 200 என்று இருக்கும். அதை 9999 ஆக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பாக்கி இருப்பதே கண்ணில் படாது. பிறகு எஃப்எஸ்ஆர்எஸ் என்ற சுவிட்சை ஆன் செய்யுங்கள். 2023-ல் ஆன்கிக்குள் வந்த புதிய அட்டவணைக் கணக்கு அது. உங்கள் பழைய விடைகளைப் பார்த்து, ஒவ்வொரு கார்டையும் நீங்கள் எப்போது மறக்கப்போகிறீர்கள் என்று மதிப்பிடுகிறது. அதன் கீழே 'டிசையர்டு ரிடென்ஷன்' 0.90 என்றிருக்கும்: கார்டு திரும்பி வரும் நேரத்தில் பத்தில் ஒன்பது நினைவிருக்க வேண்டும் என்பது பொருள். அப்படியே விடுங்கள். 0.97-க்கு ஏற்றினால் நினைவு கொஞ்சம் கூடும், வேலையோ பல மடங்காகும். வேறு எதையும் முதல் மாதம் தொடவேண்டாம்.

கார்டு எழுதுவது

எல்லாம் இங்கேதான் இருக்கிறது. செயலி ஒரு அட்டவணைக்காரர், அவ்வளவே. கேள்வி மோசமென்றால் மோசமான கேள்வியைச் சரியான நேரத்துக்குக் கொண்டுவந்து கொடுக்கும்.

ஒரு நிபந்தனை: புரியாததைக் கார்டாக்காதீர்கள். பாடத்தை வாசித்து, மூடிவைத்து, உங்கள் வார்த்தையில் ஒரு தாளில் விளக்கிப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறதோ அங்கே மட்டும் புத்தகத்துக்குத் திரும்புங்கள். விளக்க வந்த பிறகுதான் கார்டு.

இதயத்தைப் பற்றிய ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். பலர் முதலில் எழுதுவது இப்படி இருக்கும்: முன்பக்கம், 'இதயத்தின் அமைப்பையும் செயல்பாட்டையும் விளக்குக.' பின்பக்கம், பன்னிரண்டு வரி. இந்தக் கார்டு வரும் நாளில், அந்த வரிகளில் உள்ள எட்டு விஷயத்தில் ஐந்து ஞாபகம் வரும். சரி என்று அழுத்துவதா, தவறு என்றா? சரி என்றால் விட்டுப்போன மூன்றும் ஒரு மாதத்துக்குக் கண்ணில் படாது. தவறு என்றால் தெரிந்த ஐந்தையும் நாளைக்கே திரும்பச் சொல்லவேண்டும். எந்தப் பட்டனும் சரியில்லை. தவிர, மனதின் தற்காலிக மேசையில் ஒரே நேரத்தில் ஏறக்குறைய நான்கு பொருள்தான் நிற்கும் என்று 2001-ல் நெல்சன் கோவன் தொகுத்துக் காட்டினார். பன்னிரண்டு வரி அந்த மேசையில் இடம்கொள்ளாது.

அதே பக்கத்தை உடைத்தால்:

உடலிலிருந்து திரும்பும் ரத்தம் இதயத்தின் எந்த அறைக்குள் முதலில் நுழைகிறது? வலது ஆரிக்கிள்.

வலது ஆரிக்கிளுக்கும் வலது வெண்ட்ரிக்கிளுக்கும் நடுவே உள்ள வால்வு எது? மூவிதழ் வால்வு.

இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் வலதைவிடத் தடிமனாக இருப்பது ஏன்? அது உடல் முழுக்க ரத்தத்தைத் தள்ளவேண்டும்; வலது வெண்ட்ரிக்கிளோ அருகிலுள்ள நுரையீரல் வரை தள்ளினால் போதும்.

நுரையீரல் சிரை பிற சிரைகளிலிருந்து எதில் வேறுபடுகிறது? அதில் ஓடுவது ஆக்சிஜன் நிறைந்த ரத்தம்.

ஒவ்வொன்றுக்கும் ஒரே விடை, ஐந்து முதல் பத்து விநாடியில் சொல்லிவிடலாம். மூன்றாவது கேள்வியைப் பாருங்கள்: அது 'ஏன்' என்று கேட்கிறது. தொகுப்பில் வெறும் பெயர்களே நிறைந்திருந்தால், பெயர்கள் மட்டும் தெரிந்த ஆளாகத்தான் ஆவோம். மூன்று நான்கு 'என்ன' கார்டுக்கு ஒரு 'ஏன்' கார்டாவது எழுதுங்கள். படம் உள்ள பாடமென்றால் 'இமேஜ் ஆக்லூஷன்' என்ற வகையைத் தேர்ந்து, படத்தில் உள்ள பெயர்களின் மேல் கட்டம் போட்டு மறைத்துவிட்டால், ஒவ்வொரு கட்டமும் தனித்தனிக் கேள்வியாகும்.

கார்டு கெட்டுப்போகும் வழிகள் சிலவற்றை முன்பே தெரிந்துகொண்டால் நல்லது. ஆமாம்-இல்லை கேள்வி வேண்டாம். குருட்டாம்போக்கில் சொன்னாலும் பாதி சரியாகிவிடும். புத்தக வரியை அப்படியே ஒட்டி ஒரு சொல்லை மட்டும் மறைக்கும் கார்டும் ஆபத்து: நாலாவது முறை வரும்போது வரியின் நீளத்தையும் முதல் சொல்லையும் பார்த்தே விடை வந்துவிடும், பொருள் மனதில் ஓடவே ஓடாது. அந்த மாதிரி கார்டை உங்கள் சொந்த வார்த்தையில் திருப்பி எழுதுங்கள். ஒன்றை ஒன்று குழப்பும் ஜோடி, உதாரணமாகத் தமனியும் சிரையும், தனித்தனிக் கார்டாக எவ்வளவு தடவை வந்தாலும் குழப்பம் தீராது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்கும் ஒரு கார்டு போட்டால் தீரும்.

மற்றவர்கள் செய்துவைத்த ஆயத்தத் தொகுப்புகள் இணையத்தில் நிறையக் கிடைக்கும். அந்நியமொழிச் சொற்களுக்கு அவை பரவாயில்லை. கருத்துப் பாடங்களுக்கு வேண்டாம். எதைக் கேள்வியாக்குவது என்று யோசிக்கும் அந்த நேரத்தில்தான் பாதிப் படிப்பு நடக்கிறது.

கார்டைப் பார்க்கும் அந்தப் பத்து விநாடி

கேள்வி திரையில் வந்ததும் விரல் தானாக 'ஷோ ஆன்சர்' பக்கம் போகும். விடாதீர்கள். விடையை வாய்விட்டோ, மனதுக்குள்ளோ, முழுதாகச் சொல்லுங்கள். 'நுனிநாக்கில் இருக்கிறது' என்பது விடையாகாது. பத்து விநாடி தேடியும் வரவில்லையா, அப்போது திறந்து பாருங்கள்.

கீழே நான்கு பட்டன்: அகெய்ன், ஹார்ட், குட், ஈஸி. இதில் ஒரு கோடு தெளிவாகப் போட்டுக்கொள்ள வேண்டும். விடை வரவில்லையென்றால் அகெய்ன் மட்டும்தான். ஹார்ட், குட், ஈஸி மூன்றுமே 'நினைவுக்கு வந்தது' என்ற பக்கத்தைச் சேர்ந்தவை. மறந்துபோனதற்கு அகெய்ன் அழுத்த மனம் வராமல் ஹார்ட் அழுத்துபவர்கள் மிக அதிகம். அப்படிச் செய்தால், இது நினைவில் இருக்கிறது என்று செயலி எடுத்துக்கொள்ளும். மறந்த கார்டின் இடைவெளி கூடும், எஃப்எஸ்ஆர்எஸ் கணக்கும் கோணிப்போகும். குழப்பமாக இருந்தால் அகெய்ன், குட் இரண்டை மட்டும் வைத்தே காலம் தள்ளலாம், ஒரு குறையும் வராது.

ஒரே கார்டு திரும்பத் திரும்பத் தவறுகிறதா? எட்டு முறை தவறினால் ஆன்கி அதை 'லீச்', அதாவது அட்டைப்பூச்சி, என்று குறித்துவைக்கும். பெயர் பொருத்தம்தான், நேரத்தை உறிஞ்சும். இன்னும் பத்து முறை முட்டிமோதுவதால் அது ஏறப்போவதில்லை. இரண்டாக உடையுங்கள், ஒரு படம் சேருங்கள், அல்லது தேவையில்லாததென்றால் அழித்துவிடுங்கள். அழிப்பதில் தவறே இல்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, தினமும் ஒரே வேளை, அறிவிப்புகளை அணைத்துவிட்டு. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்வதைவிட ஏழு நாளும் பதினைந்து நிமிடம் மேல். தூக்கத்தைக் குறைத்து மீள்பார்வை செய்யாதீர்கள். படித்தது நிலைபெறுவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

கணக்குக்குக் கார்டு போதாது

சூத்திரம் கார்டில் ஏறும். எந்தக் கணக்குக்கு எந்தச் சூத்திரம் என்ற தேர்வு ஏறாது. அதற்குக் கணக்குகளைக் கலந்து போடவேண்டும். ரோரரும் டெய்லரும் 2007-ல் ஒரு குழுவுக்கு ஒரு வகை முடிந்த பிறகு அடுத்த வகை என்று வகைவகையாகவும், இன்னொரு குழுவுக்குக் கலந்தும் கணக்குகளைக் கொடுத்தார்கள். பயிற்சியின்போது வகைவகையாகப் போட்டவர்கள் 89 சதவீதம், கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தால் முதல் குழு 20-க்கு விழுந்தது, இரண்டாவது குழு 63-ல் நின்றது. ஆகவே பயிற்சியில் தப்பு அதிகம் வருகிறதே என்று கலங்காதீர்கள். பழைய பாடங்களிலிருந்து ஐந்தாறு கணக்கைப் பொறுக்கி, எந்த அத்தியாயம் என்ற தலைப்பை மறைத்து, வரிசை மாற்றிப் போடுங்கள்.

வீடியோ பாடங்கள்

2014-ல் எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் 69 லட்சம் வீடியோ அமர்வுகளை ஆராய்ந்தவர்கள் கண்டது, வீடியோ எவ்வளவு நீளமானாலும் பார்ப்பவர்கள் பொதுவாக ஒன்றிநிற்பது அதிகபட்சம் ஆறு நிமிடம்தான். எனவே ஒரு மணி நேரப் பாடத்தை ஆறேழு நிமிடத் துண்டுகளாக நீங்களே நிறுத்துங்கள். துண்டு தொடங்கும் முன் தலைப்பை வைத்து ஒரு ஊகம். முடிந்ததும் திரையைப் பார்க்காமல் மூன்று வரி. அந்த மூன்று வரியும் வரவில்லையென்றால் அந்தத் துண்டை மட்டும் திரும்பப் போடுங்கள். பார்த்துக்கொண்டே குறிப்பெடுப்பதைவிட இது மெதுவாகத்தான் போகும், ஆனால் தங்கும்.

'நான் கண்ணால் பார்த்துக் கற்கும் ரகம், எனக்கு வீடியோதான் சரி' என்று சொல்பவர்கள் உண்டு. ஆளுக்கொரு கற்றல் பாணி, அதற்கேற்பப் பாடம் நடத்தினால் நன்றாகக் கற்பார்கள் என்ற கருத்துக்குப் போதிய ஆதாரமில்லை என்று பாஷ்லரும் சக ஆய்வாளர்களும் 2008-லேயே எடுத்துக்காட்டினார்கள். பாடம் படம் கேட்டால் படம், ஒலி கேட்டால் ஒலி.

செயற்கை நுண்ணறிவிடம் என்ன கேட்பது

சாட்ஜிபிடி போன்ற கருவி விடை சொல்வதில் கெட்டி. அங்கேதான் கவனம் தேவை. துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வில், கட்டுப்பாடில்லாத அரட்டைக் கருவியை வைத்துக்கொண்டு கணக்குப் பயிற்சி செய்தவர்கள் பயிற்சியில் 48 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடவே தொடாதவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். நேரடி விடை தராமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி அமைத்த கருவியைப் பயன்படுத்தியவர்களுக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் வரவில்லை. கருவி ஒன்றுதான், அமைத்த விதம் வேறு.

ஆகவே முதலில் நீங்கள் எழுதுங்கள். பாடத்தை மூடிவைத்து உங்கள் விளக்கத்தைத் தட்டச்சு செய்து, இப்படிக் கேளுங்கள்: 'இதில் தவறும் விடுபட்டதும் எங்கே என்று மட்டும் காட்டு. சரியான விடையைச் சொல்லாதே. ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேள், நான் பதில் சொன்ன பிறகு அடுத்ததற்குப் போ.' கணக்கில் மாட்டிக்கொண்டால், 'அடுத்த ஒரு படிக்கு மட்டும் குறிப்புக் கொடு' என்று கேளுங்கள். கருவி பேச்சுவாக்கில் விடையைக் கொட்டிவிடும். அப்போது நிறுத்தி, நிபந்தனையைத் திரும்பச் சொல்லுங்கள்.

கார்டு எழுதித்தரச் சொல்லலாமா? வரைவாக வாங்கிக்கொள்ளலாம். தவறான தகவலையும் சரியானதைப் போலவே உறுதியாகச் சொல்வது இந்தக் கருவிகளின் இயல்பு. ஒரு தவறு கார்டுக்குள் நுழைந்துவிட்டால், அதை உங்கள் மனதில் ஆழமாகப் பதிக்கும் வேலையைச் செயலி ஒழுங்காகச் செய்துமுடிக்கும். ஒவ்வொரு வரியையும் பாடநூலோடு ஒப்பிட்டு, உங்கள் வார்த்தைக்கு மாற்றிய பிறகே சேருங்கள்.

விட்டுப்போன நாட்கள்

காய்ச்சல், பயணம், வேலை நெருக்கடி. பத்து நாள் போய்விட்டது, திறந்தால் 600 கார்டு நிற்கிறது. எல்லோருக்கும் வரும் நிலைமை இது. ஒரே நாளில் முடிக்க உட்காராதீர்கள். நூற்றுக்கு மேல் போனால் பாதி கண் மூடிய நிலையில்தான் பட்டன் அழுத்துவீர்கள். தொகுப்பை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவும் வேண்டாம். இடைவெளி கூடியும் நினைவில் நின்ற கார்டுகள் அதில் நிறைய இருக்கும், எஃப்எஸ்ஆர்எஸ் அந்தக் கூடுதல் இடைவெளியையும் கணக்கில் எடுத்து அடுத்த தேதியைத் தள்ளிப்போடும். புது கார்டுகளின் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குங்கள். தினமும் வழக்கமான நேரத்தோடு பத்து நிமிடம் சேர்த்து, முடிந்தவரை பாருங்கள். தினசரி வரவைவிட நீங்கள் முடிப்பது சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும், குவியல் நாளுக்கு நாள் கரையும். பாக்கி ஒரு நாளின் அளவுக்கு வந்த பிறகு புது கார்டை 5-ல் தொடங்கி, அடுத்த வாரம் 10 ஆக்குங்கள்.